ராகு காலத்தில் ஒரு குவார்ட்டர்பேக்

ஃபிளாஸ்கின் மூடியைத் திருகும்போது அப்பாவின் விரல்கள் விறைத்துப்போயிருக்கும். கையுறையோடு திருகினால் வழுக்கும். கழற்றினால் குளிர் கடிக்கும். மலைச்சரிவை ஒட்டியிருந்த அந்த மைதானத்தின் மேல்வரிசையில், அக்டோபர் மாதக் காற்றில், ஒவ்வொரு முறையும் இந்தப் போராட்டம் நடக்கும். கடைசியில் மூடி திறந்ததும் மிளகு ரசத்தின் வாசனை எங்கள் வரிசை முழுக்கப் பரவும். பீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் பக்கத்து இருக்கையிலிருந்த பெரிய மீசைக்காரர் அது என்னவென்று பிரெஞ்சில் கேட்டார். "சூப்" என்று சொல்லி அப்பா மூடியில் ஊற்றிக் கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மார்பைத் தட்டிக்கொண்டு "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் ஃபிளாஸ்கைப் பார்த்தார். அதன்பிறகு அம்மா கொஞ்சம் கூடுதலாகவே ரசம் வைத்துக் கொடுத்தாள்.

அறுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு மாண்ட்ரியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் கற்பிக்கும் வேலை கிடைத்து, சென்னையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் வந்து சேர்ந்தோம். நான் ஒரே பெண். அப்போது பள்ளிக்கூடப் பருவம். நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு வாடகை ஃபிளாட். அப்பா கிரிக்கெட் பைத்தியம். இந்த ஊரில் கிரிக்கெட்டைத் தேடுவதும் மாங்காயைத் தேடுவதும் ஒன்றுதான். திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தால் மாணவர்கள் எல்லோரும் முந்தின நாள் நடந்த ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்களாம். தன் வகுப்பிலேயே தான் ஒன்றும் புரியாமல் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்துக்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய டி.வி. வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்குவதாக இருந்த பேச்சு அதோடு நின்றது.

ஃபுட்பால் என்று பெயர்தான். பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். முட்டை வடிவப் பந்தை எடுத்துக்கொண்டு, எதிரணியின் எல்லையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற வேண்டும். அதற்கு மூன்றே வாய்ப்பு. குவார்ட்டர்பேக் என்பவனுடைய கைக்குப் பந்து வந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆள் ஒருவனுக்கு அதை எறிய வேண்டும். அவன் எறிவதற்குள் அவனைத் தரையில் சாய்த்துவிட எதிரணித் தடியர்கள் பாய்ந்து வருவார்கள். அவனுக்கு முன்னால் அவனுடைய அணியைச் சேர்ந்த தடியர்கள் சுவர்போல நின்று அவர்களை மறிப்பார்கள். இவ்வளவுதான் ஆட்டம். இதில் எங்களுக்கு வாதாட என்ன இருந்தது என்று அம்மா பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாதம் ஒன்றே ஒன்றுதான்: எல்லாக் காலத்துக்கும் பெரிய குவார்ட்டர்பேக் யார்? அப்பாவின் ஆள் மேற்கே வேறொரு ஊர் அணியில் ஆடிய வயதான வீரர். முன்தலை வழுக்கை. நாங்கள் அவருக்கு 'தாத்தா' என்று பெயர் வைத்திருந்தோம். தாத்தா ஓடவே மாட்டார். தடியர்கள் மேலே வந்து விழும்வரை பந்தை வைத்துக்கொண்டு நிற்பார். தன் ஆள் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் எறிவார். எறிந்த கையோடு அடி வாங்கிக் கீழே விழுவார். கோப்பைகள் நிறைய வாங்கியவர். என் ஆள் எங்கள் ஊர் அணியின் இளைஞன். அவன் பெயர் 'வாலு'. யார் கையிலும் அகப்படாமல் இங்கும் அங்கும் ஓடி, விழப்போகிற நிலையிலும் எங்காவது எறிந்துவிடுவான். பார்க்கப் பார்க்கக் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் அந்த வருடங்களில் எங்கள் அணி தோற்பதையே தொழிலாக வைத்திருந்தது.

"கடைசியில கோப்பைதாம்மா பேசும்" என்பார் அப்பா.

"தாத்தாவுக்கு முன்னாடி நிக்கிறவங்க மலை மாதிரி நிக்கிறாங்க. அவங்களை வாலுவுக்குக் குடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பேன் நான். "அடி வாங்கறது அவங்க, பேரு வாங்கறது தாத்தா. அவங்க பேரு ஒண்ணாவது உங்களுக்குத் தெரியுமா?"

"சுவர் கட்டினவன் பேரைக் கட்டடத்துல எழுதறதில்லையே" என்று சொல்லிவிட்டு, கட்டுமானப் பேராசிரியர் இப்படிச் சொல்லலாமா என்று தானே சிரித்துக்கொள்வார்.

இந்த வாதத்துக்கு அப்பா வைத்திருந்த விதியைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் இடைவேளை வந்ததும் நாங்கள் கட்சி மாறிக்கொள்ள வேண்டும். அதுவரை தாத்தாவைத் தூக்கிப் பேசியவர் வாலுவுக்காக வாதாடுவார். நான் தாத்தாவுக்காக வாதாட வேண்டும். அதையும் ஒப்புக்குச் செய்யக் கூடாது, உண்மையாகவே வாதாட வேண்டும். அப்படி மாறும்போதுதான் என் கட்சியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எனக்கே தெரியவரும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் பழைய கட்சிக்குத் திரும்பிவிடுவோம். விட்டுக்கொடுத்தது கிடையாது. நான் அடித்துப் பேசினாலும் அப்பா ஒருநாளும் "பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ" என்று வாயை அடைத்ததில்லை. அந்தக் காலத்தில் எங்கள் மாதிரி வீடுகளில் அது எவ்வளவு பெரிய சலுகை என்பது எனக்கு அப்போது தெரியாது. எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் சொந்த வீடு வாங்கிக் குடியேறினோம். நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். எல்லாம் அந்த வாய்க்கொழுப்புதான் காரணம் என்று அம்மா சொல்வாள். எங்கள் மாகாணமான கியூபெக்கின் உரிமையியல் சட்டம் பிரெஞ்சு வழியில் வந்தது. டொரண்டோ இருக்கும் பக்கத்து மாகாணத்தில் அது வேறு. இங்கே படித்துவிட்டு அங்கே போய்த் தொழில் நடத்த முடியாது, ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது ஊரில் அரசியல் மாறிக்கொண்டிருந்தது. மொழிப் பிரச்சினை வலுத்து, ஆங்கிலக் கம்பெனிகள் டொரண்டோவுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்குத் தெரிந்த சில தமிழ்க் குடும்பங்களும் மூட்டை கட்டின. இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எல்லாரும் போயிட்டா இவளுக்கு எங்க மாப்பிள்ளை தேடறது?" என்று அப்பாவிடம் தினமும் கேட்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரிலேயே லாசால் பகுதியில் இருந்த அம்மாவின் சிநேகிதி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். பையன் டொரண்டோவில் இன்ஜினியர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அவனுடைய பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். தை மாதத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் அவசரம். ஜாதகம் அருமையாகப் பொருந்தியிருந்தது. அம்மா பல மாதங்களுக்குப் பிறகு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். எனக்கோ கல்யாணம் என்றால் டொரண்டோ; டொரண்டோ என்றால் படிப்பு அதோடு சரி. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இருந்தது, ஆனால் அம்மாவின் அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. அப்பாவிடம் குவார்ட்டர்பேக்கைப் பற்றி ஓயாமல் பேசத் தெரிந்த எனக்கு, இதைப் பேசத் தெரியவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. சமையலறையில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைக்குத்தான். மூணு மணிக்கு வரச் சொல்லலாம்" என்று அம்மா சொன்னபோது, "சரி" என்று மட்டும் சொன்னார். அந்த நாள்காட்டி சென்னையிலிருந்து மாமா அனுப்பியது.

மூன்று மணி என்றதும் எனக்கு உறைத்தது: அந்த ஞாயிறு அரையிறுதி ஆட்டம். எங்கள் அணி ஒருவழியாகத் தலைதூக்கியிருந்த வருடம் அது. அம்மாவுக்கும் அது தெரியும். "இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பந்து பேச்சு வரக் கூடாது" என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி, டி.வி.மேல் தான் பூவேலை செய்த துணியைப் போட்டு மூடினாள். அப்பா தலையாட்டினார். ஆனால் பெட்டியை அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, குளிரைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசி முடித்தபோது துணிக்கு அடியிலிருந்து ஓர் ஆரவாரம் மெல்லக் கேட்டது. பையனின் அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னிக்கு அரையிறுதி இல்லையா அங்கிள்?" என்றான் பையன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். பேச்சை எடுத்தது மாப்பிள்ளை. இனி யார் என்ன செய்ய முடியும்? துணி விலகியது. அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சமையலறைக் கதவிடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லுங்க, எல்லாக் காலத்துக்கும் பெரிய குவார்ட்டர்பேக் யாரு?" என்று அப்பா கேட்டார்.

பையன் சிரித்தான். "நீங்க யாரைச் சொல்றீங்க அங்கிள்?"

அப்பா தாத்தாவைச் சொன்னார். நின்று எறிவதன் பெருமையைச் சொன்னார். கோப்பைகளை அடுக்கினார். "கரெக்ட் அங்கிள். கோப்பைதானே கணக்கு" என்றான் பையன். பஜ்ஜி ஒரு சுற்று வந்தது. அதற்குள் திரையில் இடைவேளை. அப்பா கட்சி மாறினார்; பழக்கதோஷம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். "ஆனா யோசிச்சுப் பார்த்தா, கோப்பை அணியே சேர்ந்து வாங்கறதுதானே. தோக்கற அணியில இருந்துகிட்டு ஓடி ஓடி எறியறானே, அவன்தானே நிஜமான கெட்டிக்காரன்?"

"அதுவும் கரெக்ட்தான் அங்கிள். தனி ஆளோட திறமைதான் முக்கியம்."

"அப்ப தாத்தா பெரியவர் இல்லையா?"

"இல்லைதான் போலிருக்கு அங்கிள்."

அப்பா ஒரு பஜ்ஜியை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தாத்தாவிடம் திரும்பினார். பையனும் கூடவே திரும்பினான். காப்பித் தட்டோடு நான் கூடத்துக்குள் வந்த நேரம் அது. தலையைக் குனிந்து, காப்பியைக் கொடுத்து, நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. என்னால் முடியவில்லை. தட்டை டி.வி.மேல் வைத்தேன். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "கோப்பைதான் கணக்குன்னா அவருக்கு முன்னாடி நின்னு இடி வாங்கினவங்களுக்கும் அந்தக் கணக்குல பங்கு உண்டு. தனித் திறமைதான் கணக்குன்னா கோப்பையைப் பத்திப் பேசவே கூடாது. ரெண்டையும் கரெக்ட்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டேன். பையனின் அம்மா கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையனின் அப்பா கோபப்படவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பொண்ணு நல்லா பேசுது, ப்ரொஃபஸர் சார். சட்டம் படிக்கிற பொண்ணு இல்லையா! அந்தப் படிப்பு டொரண்டோல செல்லாதாமே? பரவாயில்லை, வேலைக்குப் போகணும்னு எங்க வீட்டுல ஒண்ணும் கட்டாயம் இல்லை. கல்யாணம் ஆனா இந்தப் பேச்செல்லாம் தானா சரியாயிடும்."

அப்பா பையனிடம் திரும்பினார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். குரலில் விளையாட்டு இல்லை.

பையன் தன் அப்பாவைப் பார்த்தான், பிறகு என் அப்பாவைப் பார்த்தான், கடைசியாக என்னை. "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் அங்கிள்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. மரியாதை என்றால் ஆமாம் சொல்வது என்று சொல்லிக்கொடுத்து வளர்த்திருந்தார்கள். பின்னால் அவனுக்கு நல்ல குடும்பம் அமைந்ததாகக் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் அன்று அந்தப் பதிலைக் கேட்டதும் அப்பா எழுந்து போய் டி.வி.யை அணைத்தார். ஆட்டத்தின் கடைசிப் பகுதி பாக்கியிருந்தது. அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

என் பேச்சுக்குப் பிறகு அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே பையனின் அப்பா, "எங்களுக்குப் பூரண சம்மதம், சார். நாளைக்கு நீங்க போன் பண்ணுங்க, தேதி பார்த்துடலாம்" என்றார். பையனின் அம்மா எனக்குக் குங்குமம் வைத்தாள். கார் போன பிறகு அம்மா கதவில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள், ஆனந்தக் கண்ணீர். இனி மறுப்பதென்றால் மூன்று வீடுகளுக்கு மனஸ்தாபம்: அவர்கள், நாங்கள், நடுவில் லாசால் சிநேகிதி. "பொண்ணுக்குத் திமிர்" என்ற பேச்சு அந்தச் சின்னத் தமிழர் கூட்டத்தில் என்னோடு கடைசிவரை வரும். நான் பஜ்ஜித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது.

அப்பா ஜன்னலருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருட்டியிருந்தது. "இன்னிக்குச் சூரியன் எப்பவோ போயிடுச்சு பார்" என்றார். பிறகு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் பேசும் குரலில் தொடங்கினார். ராகு காலம் என்பது பகற்பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு அது கடைசிப் பங்கு, சூரியன் மறைவதற்குச் சற்று முந்தைய நேரம். சென்னையில் ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது, அதனால் நாலரையிலிருந்து ஆறு. மாண்ட்ரியலில் நவம்பரில் நாலரைக்குள் சூரியனே இல்லை. ஆகவே இந்த ஊர்க் கணக்குப்படி ராகு காலம் மூன்று மணிக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கிவிடுகிறது. "அவங்க பொண்ணு பார்த்தது, பேசினது, சம்மதம் சொன்னது எல்லாமே ராகு காலத்துல. இது கூடாது. எனக்கு மனசு ஒப்பலை" என்று முடித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவுக்கும் ராகு காலத்துக்கும் ஏழாம் பொருத்தம். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது நேரம் காலம் பார்ப்பவர்களை விடாமல் கேலி செய்கிறவர் அவர்தான். அம்மா அவரைப் பார்த்தாள். "அப்படியா?" என்றாள். "அப்ப நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க." வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போய் பஜ்ஜி வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தாள். பாவம், அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா ஹாலில் நின்றுகொண்டே போன் பேசினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். "தப்பு முழுக்க எங்களோடது, சார். மெட்ராஸ் நேரத்தைப் பார்த்து உங்களை வரச் சொல்லிட்டோம்... இல்லை சார், எங்க குடும்பத்துல இதுல ரொம்பக் கண்டிப்பு. நானே அப்படி வளர்ந்தவன்... பையன் தங்கம் சார், அவருக்கு ஒரு குறையும் இல்லை. உங்க பையனுக்கு நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது..." அந்தப் பக்கம் இருந்தவர் மிகவும் நேரம் காலம் பார்க்கிறவர். கோபப்படவில்லை, பதறிப்போனார். கடைசியில் அவரே அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தாராம்.

"எப்பப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று பின்னர் தனியாகக் கேட்டேன்.

"அம்மா மூணு மணின்னு சொன்னாளே, அன்னிக்கே."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொன்னா நேரத்தை மாத்தியிருப்பா. தேவைப்பட்டா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எனக்குப் பையனைப் பிடிச்சிருந்தா?"

"அப்ப எந்த ராகு, எந்தக் காலம்?" என்றார் அப்பா.

நான் அழுதேன். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்காக எத்தனையோ செய்திருக்கிறார், கல்லூரிக் கட்டணத்திலிருந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது வரை. ஆனால் கேட்கத் தெரியாமல் நான் நின்ற இடத்தில், கேட்காமலே ஒரு வழியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாரே, அதற்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். பையனின் அப்பா டொரண்டோவில் பார்த்தவர்களிடமெல்லாம், நம்முடைய நாள்காட்டி இந்த நாட்டில் பொருந்தாது, மாண்ட்ரியல் ப்ரொஃபஸர் கண்டுபிடித்துச் சொல்கிறார் என்று சொல்லியிருக்கிறார். தீபாவளி, கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம், புதுக் கார் என்று எதற்கெடுத்தாலும் எங்கள் வீட்டுப் போன் மணியடிக்கத் தொடங்கியது. "ப்ரொஃபஸர் சார், வர்ற வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்ப?" முதல் முறை அப்பா முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன பொய் வெளுத்துவிடும். பேப்பரில் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் பார்த்து, கணக்குப் போட்டு, பணிவாகச் சொன்னார். அவரோடு சேர்ந்து கேலி செய்துகொண்டிருந்த நண்பர்கள் இப்போது அவரையே கேலி செய்தார்கள். "வயசாக ஆக எல்லாரும் இந்தப் பக்கம் வந்துடறாங்க" என்று ஒரு டாக்டர் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறைய வந்து சேர்ந்தபோது அவர்களும் அவரைத்தான் கேட்டார்கள். சாகும்வரை அவர் ஒருவரையும் மறுத்து அனுப்பவில்லை.

நான் படிப்பை முடித்தேன். இந்த ஊரிலேயே, இந்த ஊர்ச் சட்டத்தை வைத்துக்கொண்டே, நீதிமன்றத்தில் நின்று பிழைத்தேன். எந்தக் கேள்விக்கும் எடுத்த எடுப்பில் ஆமாம் சொல்லாத ஒருவரை நானே தேடிக் கல்யாணம் செய்துகொண்டேன். அவரோடு அப்பா போட்ட முதல் சண்டையே வாலுவைப் பற்றித்தான். தாத்தாவைவிட வாலு பெரியவன் என்று நான் மனதார நம்பியது அந்த நவம்பர்வரை மட்டும்தான். அடி விழும் என்று தெரிந்தே, தன் ஆள் ஓடித் தப்பும்வரை அசையாமல் நிற்பதில் என்ன பெருமை என்று இளவயதில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை அப்பா போனை எடுத்து ராகு காலம் சொல்லும்போதும் எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது. அவரிடம் நேராக ஒப்புக்கொண்டால் வாதம் முடிந்துவிடுமே என்று, கடைசிவரை வாலுவின் கட்சியிலேயே இருந்தேன்.

அப்பா காலமாகிக் காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போயிருந்த ஒரு மத்தியானம். அம்மாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். போன் அடித்தது.

"ஹலோ, புரொஃபஸர் ஐயா நிக்கிறாரோ? வாற ஞாயிறு மகளைப் பொம்பிளை பாக்க வருகினம். ராகு காலம் எத்தனை மணிக்கெண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

சொன்னேன். அப்பா போய்விட்டார் என்று கேட்டதும் அந்த அம்மாள் தவித்துப்போனார். "ஐயோ பிள்ளை, எனக்கொண்டும் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வைக்கிறன்."

"இருங்கம்மா, நான் பார்த்துச் சொல்றேன்" என்றேன். பேப்பரை எடுத்து, அப்பா செய்கிறபடியே கணக்குப் போட்டு நேரத்தைச் சொன்னேன்.

"நல்லாயிருப்பீங்கள். ஐயாவுக்கு இதிலை நல்ல நம்பிக்கை, என்ன?"

"ஆமாம்மா. அவருக்கு ரொம்ப நம்பிக்கை" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். "உங்கப்பாவுக்கா? என்னைப் பொண்ணு பார்க்க வந்ததே ராகு காலத்துல. எங்க பெரியப்பா வாசல்லயே நிறுத்தி, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கன்னார். 'எனக்குப் பசிக்குது. ராகுவுக்கும் பசிச்சா அவரும் வந்து சாப்பிடட்டும்'னு சொல்லிட்டு உள்ள வந்து உட்கார்ந்துட்டார்."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்ப அன்னிக்கு அவர் சொன்னதை நீ நம்பலையா?"

"அவர் ஆரம்பிச்சதுமே தெரியும்."

"உனக்கு அந்தச் சம்பந்தம் அவ்வளவு பிடிச்சிருந்ததே, அம்மா."

"பிடிச்சிருந்தது. தட்டு அடுக்கறப்ப உன் கை நடுங்கினதைப் பார்த்தேன்." அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மனுஷர் வாழ்நாள்ல முதல் தடவையா ஒரு பொய் சொல்றார். நான் குறுக்கே நிப்பேனா?"

அதுநாள்வரை என் நன்றி முழுவதையும் அப்பாவுக்கே கொடுத்து வைத்திருந்தேன்.